ஊட்டிக்குப் போன குதிரையும் கடற்கரையில் நிற்கும் குதிரையும்

ஆடி மாசம் நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். எங்க பக்கம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குக் குதிரைச் சந்தை கூடும். மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கத்திக் குதிரைகள் வரிசையாக நிற்கும். அதைப் படத்தில் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நண்பர்கள் கேட்பார்கள்: "அண்ணா, பண்ணை வீட்டுக்கு ஒரு குதிரை வாங்கி விடலாம்னு இருக்கேன். நம்ம ஊர் வெயிலை அது தாங்குமா?"

போனில் ரெண்டு வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். குதிரை வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் படியுங்க. கடற்கரையில் பிள்ளையைக் குதிரை மேல் ஏற்றிப் படம் எடுத்தவர்கள் எல்லாருக்கும் இதில் பங்கு இருக்கு.

முதலில், "குதிரை குளிர் நாட்டு விலங்கு, அதனால்தான் தமிழ்நாட்டில் இல்லை" என்று பலரும் சொல்வது பாதிதான் சரி. மார்வாரிக் குதிரை பிறந்து வளருவது ராஜஸ்தானில். அங்கே மே மாசம் 45 டிகிரி சாதாரணம். கத்தியவாரி குஜராத்தின் சௌராஷ்டிரா பக்கம். அந்தப் பக்கம் லடாக்கின் ஜன்ஸ்காரியும் இமாச்சலத்தின் ஸ்பிட்டியும் மூச்சு முட்டுகிற உயரத்தில், பனியில் நிற்கிற இனங்கள். மணிப்புரி மழையும் ஈரமும் உள்ள ஊரில் நின்று போலோ ஆடுகிறது. குதிரைகள் அதிகம் உள்ள பகுதிகள் என்று பார்த்தால் உத்தரப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், ராஜஸ்தான், பிகார், குஜராத் என்று வரும். வெயில் ஊர், பனி ஊர் எல்லாம் அந்தப் பட்டியலில் கலந்துதான் கிடக்கு. வருஷ சராசரி வெப்பநிலையை வைத்து எந்த ஊரில் எத்தனை குதிரை என்று கணக்குப் போட முடியாது.

எண்ணிக்கை குறைவதற்கும் வெயில் மட்டும் காரணமில்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரையும் மட்டக்குதிரையும் 2019-ல் சுமார் 3.4 லட்சமாகிவிட்டது. ஏழு வருஷத்தில் பாதிக்குப் பாதி போச்சு. அந்த ஏழு வருஷத்தில் வெயில் இரண்டு மடங்காகிவிடவில்லை. வண்டி இழுத்த வேலையை ஆட்டோவும் மினி லாரியும் எடுத்துக்கொண்டன. மணிப்புரிக் குதிரை ஆயிரம் சொச்சத்துக்கு வந்து நின்றதற்கு முக்கியமான காரணம், அது மேய்ந்த ஈர நிலங்கள் கட்டடமாகிப் போனதுதான்.

அப்படியானால் பருவத்துக்கும் குதிரைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு, நிறையவே இருக்கு. ஆனால் அதைச் சராசரியில் தேடக்கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் வருஷத்தில் ரெண்டு மூணு மாசம் பொல்லாத காலம் ஒன்று உண்டு. அந்த ஊரில் எத்தனை குதிரை பிழைக்கும் என்பதை அந்த மாசங்கள்தான் முடிவு பண்ணும். மாடு வளர்க்கிறவனுக்கு இது புதுசு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பத்து மாடு வைத்துக்கொள்ள யாராலும் முடியும். சித்திரையில் எத்தனை மாட்டுக்குத் தட்டும் தண்ணியும் இருக்கோ, அதுதான் நம்ம கட்டுத்தரையின் அளவு.

மங்கோலியாவை எடுத்துக்குவோம். அங்கே மனுஷரைவிடக் குதிரை அதிகம். குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரிக்குப் போகும். அந்தக் குளிரிலும் குதிரை வெட்டவெளியில் நின்று, குளம்பால் பனியைக் கிளறி அடியில் இருக்கிற காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கும். குளிர் மட்டும் அதைக் கொல்வதில்லை. கோடையில் மழை பொய்த்துப் புல் வளராமல் போய், உடம்பில் கொழுப்பு சேராத வருஷத்தில் கடுங்குளிர் வந்தால்தான் சாவு. மேலே விழுந்த பனி உருகி மறுபடி உறைந்து கட்டியாகிவிட்டால் குளம்பால் கிளறவும் முடியாது. இந்த அழிவுக்கு அவர்கள் 'ஜுட்' என்று தனிப் பெயரே வைத்திருக்காங்க. 2009-10 குளிர்காலத்து ஜுட்டில் குதிரை, மாடு, ஆடு எல்லாம் சேர்த்து 80 லட்சத்துக்கு மேல் செத்தன.

இதே கணக்கு மறுபக்கமாகவும் வேலை செய்திருக்கு. மங்கோலியாவின் பழைய மரங்களுடைய வளையங்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், 1211 முதல் 1225 வரை அங்கே வழக்கத்துக்கு மாறாக நல்ல மழையும் இதமான வெப்பமும் இருந்தது என்று 2014-ல் எழுதினார்கள். செங்கிஸ்கான் படை பெருகிய காலம் அதுதான். மழை நின்று பெய்தது, புல் வளர்ந்தது, புல்லைத் தின்று குதிரை பெருகியது, அந்தக் குதிரை மேல் ஒரு பேரரசு ஏறி உட்கார்ந்தது என்பது அவர்கள் சொல்லும் கதை. புல்லு வெட்டுகிற எனக்கு அதை நம்பச் சிரமமே இல்லை.

அடுத்தது ஆஸ்திரேலியா. காட்டில் திரியும் குதிரைகள் உலகிலேயே அதிகம் இருப்பது அங்கேதான். 2019 ஜனவரியில், அவர்களுக்கு அது நடுக் கோடை, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் தொடர்ந்து பல நாள் 42 டிகிரிக்கு மேல் அடித்தது. வழக்கமாகத் தண்ணி குடிக்கிற குட்டை வற்றிப்போய், அதைத் தேடி வந்த குதிரைகள் அங்கேயே கூட்டமாக விழுந்து கிடந்தன. நாற்பதுக்கு மேல் செத்துக் கிடந்தன, மிச்சம் உயிர் ஊசலாடியவற்றைச் சுட்டுத்தான் வேதனையை முடிக்க வேண்டியிருந்தது. வெயில் பழகிய குதிரைகள்தான் அவை. தண்ணி இருந்த வரைக்கும் தாங்கின.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே பாக் நீரிணையில் இருக்கிற நெடுந்தீவு. போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்துக் குதிரைகளின் வம்சம் அங்கே யார் கையிலும் இல்லாமல் திரியுது. அங்கே மழை என்றால் ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும்தான். அந்த மழைத் தண்ணியை வைத்து மிச்ச மாசங்களை ஓட்ட வேண்டும். ஆடி, ஆவணி ஆகும்போது குளம் வற்றி வெடித்துக் கிடக்கும். கடும் வறட்சி வருஷங்களில் தாகத்தால் குதிரைகள் சாகும், நல்ல மழை வந்தால் குட்டிகள் கூடும். நம்ம கோடியக்கரைக் காட்டில் திரிகிற மட்டக்குதிரைகளும் இதே மழையை நம்பித்தான் நிற்குது.

இப்போ நம்ம ஊர் வெயிலுக்கு வருவோம்.

குதிரை நம்மைப் போல வேர்த்து உடம்பைக் குளிர்விக்கிற விலங்கு. கடுமையாக ஓடினால் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல் வேர்வையாகவே போகும். சும்மா நிற்கிற குதிரைக்கு 5 டிகிரி முதல் 25 டிகிரி வரை சுகம். அதற்கு மேல் போனால் வேர்வையை நம்பித்தான் இருக்கணும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது காயாது, ஒழுகி வீணாகும். உப்பும் தண்ணியும் போனதுதான் மிச்சம், சூடு அப்படியே உள்ளே நிற்கும். இதே நிலைமை நாள் கணக்கில் நீடித்தால் சில குதிரைகளுக்கு வேர்வைச் சுரப்பே நின்றுபோகும். தோல் காய்ந்து, நிழலில் நிற்கும்போதே மூச்சு வாங்கும். சூடும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் வருகிற வியாதி அது.

குதிரைக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்காங்க. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தை அதோடு கூட்டணும். 130-க்குள் இருந்தால் கவலையில்லை. 150-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 180-ஐத் தொட்டால் குதிரையை வேலைக்குத் தொடவே கூடாது. ஜோத்பூர் மாதிரி உலர்ந்த ஊரில் 42 டிகிரி, அதாவது 108 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 15 என்று வையுங்க. கூட்டினால் 123. நம்ம கடற்கரையில் 35 டிகிரி, அதாவது 95 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 70 என்றால் 165. தெர்மாமீட்டரில் ஏழு டிகிரி குறைவாகக் காட்டுகிற ஊர்தான் குதிரைக்குப் பொல்லாத ஊர். போதாததற்கு, உலர்ந்த பூமியில் ராத்திரி சூடு இறங்கும், குதிரை மூச்சு விட்டுக்கும். கடலோரத்தில் மே மாசம் ராத்திரியும் புழுக்கம்தான்.

அடுத்து புல். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சூட்டில் வேகமாக வளர்கிற புல் வகைகள் சிலதில் ஆக்சலேட் என்கிற உப்பு அதிகம். எங்க கொங்கு நாட்டுக் கொறங்காட்டின் கொழுக்கட்டைப் புல்லும், இப்போ எல்லாரும் நடுகிற கம்பு நேப்பியரும் அந்த ரகம். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கிற கிருமிகள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். காங்கேயம் மாடு அதைத் தின்றுதான் எலும்பும் திமிலுமாக நிற்கிறது. குதிரைக்கு அந்த இரைப்பை கிடையாது. ஆக்சலேட் போய்ச் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. அரிசித் தவிட்டை அள்ளிப் போட்டாலும் கதை அதுதான், அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. உடம்பு தனக்கு வேண்டிய சுண்ணாம்பை எலும்பிலிருந்து பிடுங்கும். மூஞ்சி எலும்பு வீங்கும், கால் நொண்டும். "நல்லாத்தான் தீவனம் போட்டேன், ஏன் நொண்டுது?" என்று கேட்கிற பண்ணை வீட்டுக்காரர்கள் பலர் பச்சைப் பசேல் என்ற நேப்பியரைத்தான் போட்டிருப்பார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகு பழைய கதைகளை வேற மாதிரி படிக்கத் தோணும். பட்டினப்பாலைக் காலத்திலேயே குதிரை நமக்குக் கடல் வழியாகத்தான் வந்தது. மாணிக்கவாசகர் கதையே பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில்தான் தொடங்குது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ராஜா வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். நல்ல பெட்டைக்கு நல்ல பொலிக்குதிரையைச் சேர்த்தாலும் குட்டி கால் கோணலாகப் பிறக்கிறது என்றும், வேக வைத்த கறியையும் சோற்றையும் தீனியாகப் போடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கார். பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை என்பதையும் சொன்னார். வெளியூர்க்காரர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கோணல் கால் குட்டியைப் படிக்கும்போது எனக்குப் புல்லும் சுண்ணாம்பும்தான் ஞாபகம் வருது. இது என் ஊகம்தான். கஜானா நிறையப் பணம் இருந்தும், நூற்றாண்டுக் கணக்கில் வாங்கியும், நமக்கென்று ஒரு பெரிய குதிரை இனம் நிலைக்காமல் போனதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஈரமும், புல்லும், பராமரிக்கத் தெரியாததும் சேர்ந்துதான் அடித்திருக்கும்.

பராமரிக்கத் தெரிந்தவர்கள் என்ன பண்ணினார்கள்? வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கிண்டியில் பந்தயம் குளிர் மாசங்களிலும், ஊட்டியில் பந்தயம் கோடையிலும் நடந்து வந்தது. ஏப்ரல் வந்தால் பந்தயக் குதிரைகள் மலையேறிவிடுவது வழக்கமாக இருந்தது. பல லட்சம் போட்டு வாங்கினவனுக்குச் சித்திரை வெயிலில் சமவெளியில் குதிரையை ஓட்டக்கூடாது என்று நல்லாத் தெரியும். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். காசுள்ளவன் குதிரை கோடைக்கு ஊட்டிக்குப் போனது. கூலிக்கு ஓடுகிற குதிரை அதே சித்திரையில், நிழல் இல்லாத கடற்கரை மணலில், முதுகில் ஆளை ஏற்றிக்கொண்டு நிற்கும். வைகாசி முகூர்த்தத்தில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு பட்டாசுச் சத்தத்தில் நிற்கும். ரெண்டுக்கும் உடம்பு ஒன்றுதான், வேர்வை ஒன்றுதான்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. இழுவை, சுமை விலங்குகளுக்காக 1965-ல் மத்திய அரசு போட்ட விதிகளில், 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை விலங்கை வண்டி இழுக்கவோ சுமை தூக்கவோ விடக்கூடாது என்று இருக்கு. நல்ல விதி. ஆனால் 37 என்ற ஒற்றை எண் கடலோரத்துக்குப் பொருந்தாது. மேலே போட்ட கணக்கையே பாருங்க. உள்நாட்டில் 38 டிகிரி, ஈரப்பதம் 25 என்றால் கூட்டுத்தொகை 125 சொச்சம். விதிப்படி வேலையை நிறுத்தணும். கடற்கரையில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 என்றால் 162. விதிப்படி வேலை வாங்கலாம்! உள்நாட்டில் நிறுத்துவது தப்பு என்று நான் சொல்லவில்லை, அங்கே நிறுத்துவது சரிதான். கடலோரத்தில் நிறுத்தாததுதான் தப்பு.

குதிரைச் சவாரியையே ஒழித்துவிடணும் என்றும் நான் கேட்கவில்லை. கடற்கரைக் குதிரைக்காரரும் என்னைப் போல விலங்கை வைத்துப் பிழைக்கிற மனுஷர்தான். அவர் பிழைப்பைப் பிடுங்கினால் அந்தக் குதிரை சொர்க்கத்துக்குப் போகாது. இன்னும் மோசமான கைக்குத்தான் போகும். நான் கேட்பது சின்ன விஷயங்கள்:

பங்குனிக் கடைசி முதல் ஆனி வரை, கடலோர ஊர்களில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை குதிரையை வேலை வாங்கக்கூடாது. வண்டி, சுமை, சவாரி, ஊர்வலம் எதுவானாலும் சரி. அந்த நேரத்தில் கடற்கரையில் கூட்டமும் கம்மிதான், வருமானம் பெரிதாகப் போகாது.

குதிரை நிற்கிற இடத்தில் ஒரு கூரையும் தண்ணித் தொட்டியும் வேணும். அந்தக் காலத்தில் வழிநடை மாட்டுக்குத் தொட்டி கட்டி, உடம்பு தேய்க்க ஆவுரிஞ்சிக் கல் நட்டுத் தர்மம் பண்ணின சனம் நாம. ஒரு தொட்டிக்கு ஆகிற செலவு ஒரு அலங்கார வளைவுக்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

வாசகர்களான உங்களிடம் கேட்பது இன்னும் சுலபம். மத்தியானத்தில் சவாரிக்குக் காசு கொடுக்காதீங்க. சாயந்திரம் போங்க, அப்போ ஏறுங்க, பத்து ரூபாய் சேர்த்தே கொடுங்க. கல்யாண ஊர்வலத்தைப் பொழுது சாய்ந்த பிறகு வையுங்க.

இனி, குதிரை வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு. சந்தை கூடுவது ஆடியில். அப்போ எங்க பக்கம் தென்மேற்குக் காற்று ஜில்லுன்னு வீசும், குதிரையும் மினுமினுன்னு நிற்கும். அதைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. உங்க தோட்டத்தில் சித்திரை மாசம் கிணற்றில் எத்தனை அடி தண்ணி நிற்குதுன்னு முதலில் பாருங்க. ஒரு குதிரைக்குச் சாதாரண நாளிலேயே 30, 40 லிட்டர் குடிக்க வேணும், கோடையில் அது இரண்டு மடங்காகும். கல்லுப்பு எப்பவும் எட்டுகிற இடத்தில் இருக்கணும். நேப்பியரை மட்டும் நம்பாதீங்க. சோளத்தட்டு, கடலைக்கொடி, கொள்ளு என்று கலந்து போடணும், தாது உப்புக் கலவையைக் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் சேர்க்கணும். மழைக்குப் பிறகு கடி ஈ கிளம்பும்போது சர்ரா நோய் வரும். மாட்டின் உடம்பில் அது சத்தமில்லாமல் இருக்கும், அதே ஈ குதிரையைக் கடித்தால் வைத்தியம் தாமதமானால் உயிரே போகும். குட்டி எடுக்க ஆசைப்பட்டால் அதற்கும் பருவம் பாருங்க. குளிர் நாட்டில் பகல் நீளும்போதுதான் பெட்டை பருவத்துக்கு வரும், பதினொரு மாசம் கழித்துப் புல் துளிர்க்கும்போது குட்டி விழும். நம்ம ஊரில் பகல் பெரிதாக நீள்வதும் இல்லை, குறைவதும் இல்லை. அதனால் பார்க்காமல் விட்டால் சித்திரையிலும் குட்டி விழும். மார்கழியில் சேர்த்தால் கார்த்திகையில் குட்டி, தாய்க்குப் பசும்புல் இருக்கிற காலம்.

இவ்வளவையும் பண்ண முடியும் என்றால் வாங்குங்க, சந்தோஷம். நானே கூட வந்து பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கித் தருகிறேன். முடியாது என்றால் அந்தக் காசில் ஒரு காங்கேயம் கன்று வாங்கிக் கட்டுங்க. அது இந்தப் புல்லுக்கும் இந்த வெயிலுக்கும் பிறந்தது. குதிரை அப்படியில்லை, அதற்கு நாம்தான் பருவம் பார்க்கணும்.